முப்பது கிராம்

சக்கரங்களைக் கழற்றிச் சறுக்குப்பலகை மாட்டிய அன்றே
தொடங்கிவிட்டது தகராறு.
பீலினென் ஏரி உறைந்து மூன்று வாரம்.
பனிக்கட்டி ஒரு சாண் கனம், பயமில்லாமல் நடக்கலாம் என்று
மீனுக்குத் துளை போடும் அர்மாஸ் சொல்லியிருந்தார்.

இறக்கைக்கு அடியில் இரண்டு பென்சில் கோடு.
முன்கோடு உர்ப்போவுடையது,
பின்கோடு என்னுடையது.
நடுவே ஐந்து மில்லிமீட்டர்.

அவனுக்குத் தலைக்கனம் பிடிக்கும்,
விமானத்துக்கு மட்டும். ஆள் பரம சாது.
மூக்கு கொஞ்சம் கனத்தால்
காற்றடித்தாலும் கோடு தப்பாது,
தபால்காரரைப் போல வந்து இறங்கும் என்பான்.
பலகைகள் முன்பக்கம் கனத்ததில்
அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

எனக்கு அது வாலாட்ட வேண்டும்.
குட்டிக்கரணம் போட்டுவிட்டு,
மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி,
சுழலும் விசிறியில் தன்னைத்தானே தொங்கவிட்டு,
பனிக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில்
அசையாமல் நிற்க வேண்டும்,
எதற்கு வந்தோம் என்று மறந்துபோன மாதிரி.

ஆகவே இரவில் அவன் பேட்டரியை முன்னே தள்ளுவான்.
காலையில் நான் பின்னே இழுப்பேன்.
வெல்க்ரோ பட்டை நார் பிய்ந்து சொட்டையாகிவிட்டது.
இதைப் பற்றி
இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சனிக்கிழமை இறங்கும்போது
வால் புதுப்பனிக்குள் புதைந்தது.
தட்டிவிட்டுக் கொண்டுவந்து
சவுனாவுக்கு முன்னறையில், வால் தரையில் ஊன்ற,
சுவரில் சாய்த்துவைத்தோம்.
ராத்திரி காருக்குள் கிடந்தது. மைனஸ் பத்தொன்பது.

ஞாயிறு காலை நான் பேட்டரியைத் தொடவில்லை.
ஏன் என்று கேட்டால் தெரியாது. கை விறைத்திருந்தது.
அவன் கோட்டிலேயே பறக்கட்டும் என்று விட்டேன்.

சாய்வாக ஏற்றி, தலைகீழாக்கி,
குச்சியிலிருந்து விரலை எடுத்தேன்.
தலைக்கனம் என்றால் மூக்கு மெல்லத் தாழ வேண்டும்.
தாழவில்லை.
கயிறறுத்த காளையாகத் துள்ளி எழுந்து
தன் வயிற்றையே துரத்தியது,
தொட்டால் எகிறியது, விட்டால் புரண்டது.
எப்படி இறக்கினேன் என்று
என் முழங்கால்களைத்தான் கேட்க வேண்டும்.

"ஹில்க்கா, எவ்வளவு பின்னே இழுத்தாய்?"
"நான் தொடவே இல்லை. நீ?"
மூடியைத் திறந்தோம்.
பேட்டரி அவன் கோட்டுக்கு ஏற்ற இடத்தில்
குற்றமற்ற முகத்துடன் இருந்தது.

வீட்டு வாசலில்
இடது இறக்கைக்கு அடியில் அவன் விரல்,
வலதுக்கு அடியில் என் விரல்.
இப்படி நிற்க இரண்டு பேர் வேண்டும்.
முன்கோட்டில் வைத்தோம், வால் தொங்கியது.
பின்கோட்டில் வைத்தோம், அப்போதும் தொங்கியது.
கோடே இல்லாத வெற்றிடத்தில்,
இன்னும் ஏழு மில்லிமீட்டர் பின்னே,
படகு போலச் சமனாகி நின்றது.
இருவரும் மூச்சு விடவில்லை.

அவன்தான் குலுக்கிப் பார்த்தான்.
வாலுக்குள் கடக் என்றது ஏதோ.
கம்பி நுழையும் துளை வழியாகப் புகுந்த பனி,
சூட்டில் உருகி, அடியில் தேங்கி,
குளிரில் மீண்டும் கல்லாகியிருந்தது.
மேலுறையைக் கீறி எடுத்தோம்.
கட்டைவிரல் பருமன்.
ரொட்டிமாவு நிறுக்கும் தராசில்
முப்பது கிராம்.
அத்தனை தள்ளி வாலில் உட்கார்ந்தால்
முப்பது கிராம் போதும்,
பேட்டரியை நாலரை சென்டிமீட்டர் இழுத்ததற்குச் சமம்.
நாங்கள் மூன்று வாரமாக
இரண்டு விரற்கடைக்குச் சண்டை போட்டிருந்தோம்.

சாயங்காலம் சவுனாவில்
அதை அகப்பையில் கொண்டுவந்து
சூடேறிய கற்கள் மேல் கவிழ்த்தான்.
சீறிய ஆவி காது மடலைச் சுட்டது.
"துளைக்கு டேப் ஒட்டணும்" என்றான்.
"ம்" என்றேன்.

பேட்டரியை எங்கே வைப்பது என்று
அவனும் கேட்கவில்லை,
நானும்.